மணியும் பூங்காவுக்குப் போவான்

இது ஒரு குடும்பத்தின் கதை. பையனுக்கு மணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவன் அம்மா செல்வி. அப்பா முருகன். அக்கா வள்ளி.

திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் இருக்கிறது. முருகன் அங்கே சுமை தூக்குகிறார். செல்வி பூக்கட்டி விற்கிறாள். வள்ளிக்கு 11 வயது. மணிக்கு 7 வயது.

மணி அதிகம் பேச மாட்டான். மிக்சி ஓடினால் காதைப் பொத்துவான். சட்டைக் கழுத்து உறுத்தினால் கழற்றி எறிவான். ஆனால் குழாயில் தண்ணீர் ஓடினால் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை பார்த்த பஸ் எண்ணை மறக்கவே மாட்டான். அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சென்ற ஆண்டு ஓணத்துக்கு நாலு பேரும் கனகக்குன்றுக்குப் போனார்கள். எங்கும் விளக்கு அலங்காரம். நல்ல கூட்டம். திடீரென்று செண்டை மேளம் முழங்கியது. மணி தரையில் விழுந்தான். கையையும் காலையும் உதைத்து அலறினான். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். "பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை" என்று யாரோ சொன்னார்கள். முருகனுக்கு அவமானமாக இருந்தது. மணியை அடித்துவிட்டார்.

அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை.

"இனிமேல் இவனை எங்கேயும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்" என்றார் முருகன்.

அதன் பிறகு கல்யாணம், கோயில் எதற்கும் ஒருவர்தான் போவார். மற்றவர் மணியுடன் வீட்டில் இருப்பார். வள்ளியும் எங்கும் போகவில்லை. ஒருநாள் அவள் கேட்டாள்.

"அம்மா, கழக்கூட்டத்தில் மேஜிக் பிளானட் இருக்காம். என் கூட்டாளிகள் எல்லாம் போய் வந்துட்டாங்க. நாம நாலு பேரும் போகலாமா?"

செல்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

ஏன் அப்படி அலறினான்?

மணிக்குப் பயிற்சி தரும் டீச்சரிடம் செல்வி கேட்டாள். டீச்சர் சொன்னார்:

"நம் வீட்டு ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். மணியின் காதில் அந்தத் திருகு எப்போதும் கூடுதலாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சாதாரணமான சத்தம் அவனுக்கு வலியாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு வெளிச்சம் ஆகாது. சிலருக்கு வாசனை ஆகாது. சிலருக்கு யாராவது தொட்டாலே ஆகாது. வேறு சிலருக்குத் திருகு குறைவாக இருக்கும். அவர்கள் சுற்றுவதையும் குதிப்பதையும் தேடிப் போவார்கள்."

"அப்போ அது பிடிவாதம் இல்லையா டீச்சர்?"

"இல்லை அக்கா. பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். மணியால் நிறுத்த முடியாது. அடித்தால் வலி இன்னும் கூடும். திட்டினாலும் சத்தம்தான் கூடும். அவனை அமைதியான இடத்துக்குக் கொண்டு போங்கள். அதிகம் பேசாதீர்கள். கேள்வி கேட்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். நேரம் கொடுங்கள்."

"இது என் தப்பினால் வந்ததா?"

"இல்லவே இல்லை. தாய் வளர்ப்பினால் ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை. இது தொற்று நோயும் இல்லை. பிள்ளையின் மூளை வளரும் விதமே அப்படி."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பூங்காவைப் பற்றிக் கேட்டாள்.

"தாராளமாகப் போகலாம். ஆனால் திட்டம் வேண்டும்" என்றார் டீச்சர். "அமெரிக்காவில் செசமி பிளேஸ் என்று ஒரு பூங்கா உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் 2018-இல் இதற்கென்று பயிற்சி பெற்றார்கள். ஒவ்வொரு விளையாட்டிலும் சத்தம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு எழுதி வைத்தார்கள். அதைப் படித்துவிட்டுப் பெற்றோர் முடிவு செய்வார்கள். நீங்களும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தானே? மணிக்காக நீங்களே ஒரு நோட்டு எழுதுங்கள்."

மேஜிக் பிளானட்

இது மாயவித்தைக்கான பூங்கா. மாயவித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாட் இதை 2014-இல் கழக்கூட்டம் கின்ஃப்ரா பூங்காவில் தொடங்கினார். 2019-இல் இங்கே டிஃபரன்ட் ஆர்ட் சென்டர் தொடங்கியது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் அதில் மாயவித்தை, பாட்டு, நடனம், ஓவியம் கற்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் முன்னால் மேடை ஏறுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

செல்வியின் நோட்டு

செல்வி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். வள்ளி உதவி செய்தாள். முதல் பக்கத்தில் இப்படி எழுதினாள்:

மணிக்கு ஆகாதவை: செண்டை, பலூன் வெடிப்பது, மைக் சத்தம், இருட்டு, நெரிசல்.
மணிக்குப் பிடித்தவை: தண்ணீர், பஸ், மரநிழல், எலுமிச்சை சாதம்.

இரண்டாம் பக்கத்தில் கேள்விகளை எழுதினாள். வள்ளி அவற்றைப் பூங்காவுக்குப் போன் செய்து கேட்டாள். செல்வி பதில்களை எழுதிக்கொண்டாள்.

1. எந்த நாளில் கூட்டம் குறைவு?
2. காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?
3. எந்தக் காட்சியில் சத்தம் அதிகம்? எதில் இருட்டு?
4. நடுவில் எழுந்து வெளியே வரலாமா?
5. அமைதியாக உட்கார இடம் எங்கே?
6. வீட்டுச் சாப்பாடு கொண்டு வரலாமா?
7. மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டா?

மூன்றாம் பக்கத்தில் படம் வரைந்தாள். பஸ், வாசல், மேடை, சாப்பாடு, வீடு என்று ஐந்து படங்கள். தினமும் இரவு மணிக்கு அவற்றைக் காட்டினாள். "முதலில் பஸ். பிறகு வாசல்" என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் மணிக்குப் பயம் குறையும்.

ஓர் அட்டையில் உள்ளங்கை படம் வரைந்தாள். அதற்குப் 'போதும்' என்று பொருள். மணி அதைக் காட்டினால் உடனே வெளியே வர வேண்டும்.

இன்னோர் அட்டையில் மணியின் பெயரையும் அப்பாவின் போன் எண்ணையும் எழுதினாள். "எனக்கு அதிகம் பேச வராது. இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்றும் எழுதினாள். பின்பக்கத்தில் வள்ளி அதையே மலையாளத்தில் எழுதினாள். இந்த ஊரில் மலையாளம் படிப்பவர்கள்தானே அதிகம்? அந்த அட்டையை மணியின் சட்டைப் பைக்குள் வைத்துத் தைத்தார்கள்.

பழகிப் பார்த்தார்கள்

முதலில் ஒரு சிறு பயணம் போனார்கள். திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை 1857-இல் தொடங்கியது. நிறைய மரநிழல் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. அவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் போனார்கள். மணியின் காதுக்குச் சத்தம் குறைக்கும் காதுமூடி போட்டார்கள்.

நீர்யானை இருக்கும் இடத்தில் மணி நின்றுவிட்டான். தண்ணீரையே பார்த்தான். அரை மணி நேரம் நகரவில்லை. வள்ளிக்குச் சிங்கம் பார்க்க வேண்டும். செல்வி அவளை அழைத்துப் போனாள். முருகன் மணியுடன் நின்றார்.

அப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூச்சலுடன் வந்தார்கள். மணி அட்டையை எடுத்துக் காட்டினான். முருகன் அவனைத் தூக்கிக்கொண்டு தூரத்து மரத்தடிக்குப் போனார். மணி அலறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முருகன் சொன்னார். "அன்றைக்கும் அவன் சொல்லியிருப்பான், செல்வி. அட்டை இல்லை. எனக்குத்தான் புரியவில்லை."

அந்த நாள்

ஒரு புதன்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார்கள். கழக்கூட்டம் சுமார் 15 கிலோமீட்டர். மணிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. எதிரே வந்த பஸ்களின் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். போட்டிருந்தது துவைத்துப் பழகிய பழைய சட்டை. பையில் எலுமிச்சை சாதம் இருந்தது.

காட்சி நடக்கும் இடத்தில் வாசலுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வெளியே போக அதுதான் வசதி. முதல் வித்தையை மணி பார்த்தான். இரண்டாவதையும் பார்த்தான். மூன்றாவது முடிந்ததும் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். மணி அட்டையைக் காட்டினான். முருகன் உடனே அவனுடன் வெளியே போனார். ஏற்கெனவே பேசி வைத்ததுதான். அதனால் செல்வி எழவில்லை. வள்ளி கடைசி வரை பார்த்தாள்.

வெளியே ஒரு பெண் மலையாளத்தில் கேட்டார். "பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"ஒன்றுமில்லை. சத்தம் அவனுக்கு வலிக்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகும்" என்றார் முருகன். அந்நியர் ஒருவரிடம் அவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் தலையசைத்தார். தம் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் அழைத்துப் போனார்.

மணி மேலும் ஒரு காட்சியைப் பாதி பார்த்தான். மற்றொன்றின் வாசலிலேயே திரும்பிவிட்டான். மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். 'வீடு' படத்தை மணி தானே எடுத்துக் காட்டினான். புறப்பட்டுவிட்டார்கள். பல காட்சிகளைப் பார்க்கவில்லை. கொடுத்த பணம் வீண் என்று யாரும் சொல்லவில்லை.

அன்றிரவு செல்வி நோட்டில் எழுதினாள்: "ஒரு காட்சியில் மூன்று வித்தையும் இன்னொரு காட்சியில் பாதியும் பார்த்தான். நாலு பேரும் சேர்ந்து போனோம். அடுத்த முறை பஸ்ஸில் திரும்பும் நேரத்தை மாற்ற வேண்டும். சாயங்காலம் நெரிசல்."

தெரிந்துகொள்ளுங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அது 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. மருத்துவச் சான்றிதழ் பெற்றால் அரசின் உதவிகளைக் கேட்கலாம்.

நிராமயா என்பது மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம் உள்ளவர்கள் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவுக்கு உதவி உண்டு.

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. ஆக்குளத்தில் 'நிஷ்' நிறுவனம் இருக்கிறது. பிள்ளையின் பேச்சிலோ பழக்கத்திலோ சந்தேகம் இருந்தால் சீக்கிரம் காட்டுங்கள்.

கூட்டத்தில் பிள்ளை காணாமல் போனால் தாமதிக்காதீர்கள். உடனே 112-க்குப் போன் செய்யுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தை முதலில் தேடுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் பிடிக்கும்.

பதில் சொல்லுங்கள்

1. கனகக்குன்றில் மணி ஏன் அலறினான்?
2. உள்ளங்கை அட்டைக்கு என்ன பொருள்?
3. பெயர் அட்டையை ஏன் இரண்டு மொழிகளில் எழுதினார்கள்?
4. "அட்டை இல்லை. எனக்குத்தான் புரியவில்லை" என்று முருகன் ஏன் சொன்னார்?

எழுதுங்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பிடித்தவை மூன்று, ஆகாதவை மூன்று எழுதுங்கள்.

பேசுங்கள்

பஸ்ஸில் ஒரு பிள்ளை அலறுகிறது. தாய் தவிக்கிறாள். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? என்ன சொல்லாமல் இருப்பீர்கள்?