புள்ளிகள் போனால் பணம் போனதா?

கேள்வி:
மூன்று வருடமாக எங்கள் வீட்டு மளிகை ஒரே சூப்பர் மார்க்கெட்டில்தான். பில் போடும்போது கைபேசி எண் கேட்பார்கள், புள்ளி ஏறும். 1,900 புள்ளிகள் வரை சேர்ந்திருக்கும் என்று நம்பி, தீபாவளிக்கு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். போன வாரம் கேட்டபோது, "640தான் இருக்கும்மா, பழசெல்லாம் எக்ஸ்பயரி ஆயிடுச்சு" என்றார் பில் போடும் பெண். அன்று இரவே, "உங்கள் 9,850 ரூபாய் மதிப்புள்ள புள்ளிகள் இன்றோடு முடிகின்றன" என்று ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. பதற்றத்தில் அதிலிருந்த லிங்கைத் தொட்டுவிட்டேன். ஏதோ படிவம் வந்தது. ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டேன். வங்கிக் கணக்குக்கு ஆபத்து உண்டா? போன புள்ளிகள் திரும்பக் கிடைக்குமா? "புள்ளி வைத்துக் கோலமா போடப்போகிறாய்?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.
– எஸ்.கே., திண்டுக்கல்

பதில்:
அன்புச் சகோதரிக்கு,

முதலில் வங்கிக் கணக்கு. படிவத்தில் எதையும் எழுதவில்லை, ஓ.டி.பி. (ஒரு முறை மட்டும் செல்லும் ரகசிய எண்) யாருக்கும் சொல்லவில்லை, எந்தச் செயலியும் கைபேசியில் இறங்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மனநிம்மதிக்காக இரண்டு காரியம் செய்யுங்கள். கைபேசியில் 'டவுன்லோட்ஸ்' பகுதியைத் திறந்து, ஏ.பி.கே. (செயலியை நிறுவும் கோப்பு) என்று முடியும் எதுவும் புதிதாக இருந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள். வங்கிக் கணக்கை ஒரு வாரம் கவனித்து வாருங்கள். தெரியாமல் ஒரு ரூபாய் குறைந்தாலும் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லிவிடுங்கள்.

அந்தச் செய்தி பொய் என்பதற்குக் கணக்கே சாட்சி. உங்கள் கையில் இருப்பது 640 புள்ளிகள். அது 9,850 ரூபாய் ஆவது எப்படி? கடைப் புள்ளி, வங்கிப் புள்ளி இரண்டின் பெயரிலும் இப்படி லிங்க் அனுப்பி ஏமாற்றுகிறார்கள். 'இன்றோடு முடிகிறது' என்ற அவசரம்தான் அவர்களுடைய தூண்டில்.

அடுத்து, உண்மையிலேயே போன புள்ளிகள். கடைக்காரருக்குப் புள்ளி என்பது பின்னால் கொடுக்க வேண்டிய தள்ளுபடி. அவர் கணக்கில் அது ஒரு கடன். எவ்வளவு பேர் கேட்காமல் விடுகிறார்களோ அவ்வளவு அவருக்கு மிச்சம். அதனால்தான் காலக்கெடு வைக்கிறார்கள். பல கடைகளில் முதலில் ஏறியதே முதலில் காலாவதியாகும். நீங்கள் மூன்று வருடத்தில் சேர்த்தது 1,900, மிஞ்சியது 640. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருப்பதால், ஒரு வருடக் கெடுவாக இருக்கும் என்று தோன்றுகிறது. கடை மேலாளரிடம் ஒரு முறை தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர் என்று திருப்பித் தந்தால் சந்தோஷம். சேரும்போதே விதியில் கெடு இருந்திருந்தால், உரிமையோடு கேட்க வழியில்லை. சொல்லாமல் இடையில் விதியை மாற்றியிருந்தால் மட்டும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இனிமேல் என்ன செய்வது? முதலில் புள்ளியின் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு ஒன்று. மாதம் 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் வருடத்துக்கு 720 ரூபாய். வேண்டாம் என்று விடுகிற தொகையும் இல்லை, அதற்காக ஓடுகிற தொகையும் இல்லை. 150 ரூபாய் துவரம் பருப்புக்குக் கிடைக்கும் புள்ளி ஒன்றுதான். அதே பருப்பு தெருமுனை அண்ணாச்சி கடையில் மூன்று ரூபாய் குறைவு என்றால், லாபம் அங்கேதான்.

இரண்டாவது, பில்லைச் சிதறவிடாதீர்கள். முழு நூறுக்குத்தான் புள்ளி என்றால், 190 ரூபாய் பில் மூன்றுக்கு மூன்று புள்ளிதான். அதையே ஒரே பில்லாக 570 ரூபாய்க்குப் போட்டால் ஐந்து. வீட்டில் ஆளுக்கொரு எண் சொல்வதும் இதே நஷ்டம்தான். யார் கடைக்குப் போனாலும் ஒரே எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது, 'இன்று 2,000 ரூபாய்க்கு வாங்கினால் இரட்டைப் புள்ளி' என்ற அட்டை. உங்கள் பில் 1,860-ல் நிற்கிறது. பக்கத்திலேயே 140 ரூபாய் ஷாம்பு இருக்கிறது. கை தானாகப் போகும். கணக்குப் பாருங்கள்: வாங்காவிட்டால் 18 புள்ளி, வாங்கினால் 40. கூடுதலாகக் கிடைப்பது 22 ரூபாய், கொடுப்பது 140. அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற ஷாம்பு என்றால் எடுங்கள். இல்லையென்றால் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நான்காவது, சேர்த்துவைப்பதை விடுங்கள். பேங்கில் போட்ட பணம் வட்டி போடும்; கடையில் கிடக்கும் புள்ளி குட்டி போடாது. விதி மாறலாம், மதிப்பு குறையலாம், கடையே மூடப்படலாம். ரிடீம் (புள்ளியைக் கொடுத்து பில்லில் தொகையைக் கழித்துக்கொள்வது) செய்யக் குறைந்தபட்சம் எத்தனை புள்ளி வேண்டும், எந்தெந்தப் பொருளுக்குச் செல்லாது, கெடு எவ்வளவு என்று ஒரு முறை கேட்டு, சமையலறை காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த அளவு சேர்ந்ததும் கழித்துவிடுங்கள்.

கடைசியாகக் கைபேசி எண். பில் போட எண் கொடுத்தே தீர வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. எப்போதாவது ஒரு முறை போகிற கடையில் "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்கள்" என்று தயங்காமல் சொல்லலாம். வாடிக்கையான கடைக்கு மட்டும் கொடுத்தால் போதும். எத்தனை கடைக்கு எண் போகிறதோ, ஏமாற்றுகிறவர்களுக்கு அத்தனை வாசல் திறக்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. புள்ளிக்காகப் பொருள் வாங்கினால் கேலிக்கு இடம் கொடுத்ததாகிவிடும். வாங்கிய பொருளுக்கு வரும் புள்ளியைக் கேட்டு வாங்குவது சிக்கனம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், அம்மா. இந்த வாரம் மளிகைக்குப் போகும்போதே அந்த 640-ஐக் கழித்துக்கொண்டு வாருங்கள்.