ஆரஞ்சுக்கு அரக்குப் பூச்சு: ஆதாயம் யாருக்கு?

மகாராஷ்டிரத்தின் விதர்பாப் பகுதியில் ஆரஞ்சு ஆண்டுக்கு இருமுறை அறுவடைக்கு வருகின்றது. சனவரி, பிப்ரவரியில் பூக்கும் ‘அம்பியா’ பருவக் கனிகள் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலும், மழைக்காலத் தொடக்கத்தில் பூக்கும் ‘மிருக்’ பருவக் கனிகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும் சந்தையை அடைகின்றன. வரத்து மிகும் வாரங்களில் விலை சரிவது இயல்பு. சில வாரங்கள் காத்திருந்து விற்க இயலுமாயின் உழவர் நட்டம் குறையும். அவ்வாறு காத்திருக்க உதவும் வழிகளுள் ஒன்றே உண்ணத்தக்க இயற்கைப் பூச்சு.

மாங்காயும் வாழைக்காயும் பறித்த பின்னும் பழுக்கும். ஆரஞ்சு அவ்வாறன்று, மரத்தில் எய்திய இனிப்புக்கு மேல் அது இனிப்பதில்லை. எனவே, சேமிப்பில் நம் வேலை இழப்பைத் தடுப்பது மட்டுமே. இழப்பு இருவகைப்படும். தோலின் வழியே நீர் ஆவியாகிக் கனி எடை குறைந்து சுருங்குவது ஒன்று. பச்சை, நீலப் பூசணங்களால் அழுகுவது மற்றொன்று. தோலின்மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. கனியைக் கழுவித் தேய்க்கும்போது அதன் ஒரு பகுதி நீங்கிவிடுகிறது. நீங்கியதை ஈடுசெய்வதே பூச்சின் முதற்பணி.

பூச்சுக்குரிய பொருள்களுள் நமக்கு நெருக்கமானது அரக்கு. பலாசம், இலந்தை, குசும் ஆகிய மரங்களில் வாழும் சிறு பூச்சியினம் சுரக்கும் பிசின் இது. சார்க்கண்டு, சத்தீசுகர் மாநிலங்களின் பழங்குடி மக்களுக்கு இது ஒரு துணை வருவாய். ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-இலேயே இதற்கென ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. தூய்மை செய்த அரக்கு கனிக்கு நல்ல பளபளப்பைத் தரும். ஆனால் காற்றை எளிதில் புகவிடாது. பூச்சு தடித்துவிட்டால் உயிர்வளி கிடைக்காமல் கனியினுள் சாராயம் உண்டாகிச் சுவை கெடும். குளிரறையிலிருந்து வெளியே எடுக்கும்போது தோலில் ஈரம் படிந்து, பூச்சு வெண்மை படர்வதும் உண்டு. பிரேசில் நாட்டுப் பனையினத்தின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு நீரிழப்பை நன்கு தடுத்து, காற்றை ஓரளவு செல்லவிடும். பளபளப்பு சற்றுக் குறைவு. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பூசணத்தையும் தடுக்க வல்லது. எனினும், மரக்கறி உண்போர் இதனை ஏற்பரா என்பது தனிக் கேள்வி. (அரக்கும் பூச்சி தருவதே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை!)

நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் புதிய கனிகளுக்குத் தேன்மெழுகு, கார்னோபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகியவற்றை, உரிய அறிவிப்புடன் அனுமதிக்கின்றன. கனிம எண்ணெய்க்கு இடமில்லை.

இனி, கணக்கைப் பார்ப்போம். கிலோ 40 ரூபாய் விலையில் 100 கிலோ கனியை இன்றே விற்றால் 4,000 ரூபாய் கிடைக்கும். மூன்று வாரம் வைத்திருப்பதாகக் கொள்வோம். பூச்சில்லாத கனி 88 கிலோவாகவும், பூசிய கனி 93 கிலோவாகவும் எஞ்சினால், அதே 4,000 ரூபாயைப் பெற முன்னது ஏறத்தாழ 45 ரூபாய் 45 காசுக்கும், பின்னது 43 ரூபாய்க்கும் விற்க வேண்டும். பூச்சுச் செலவும் குளிரறை வாடகையும் இதற்கு மேல். ஆக, விலை உயராத ஆண்டில் எந்தப் பூச்சும் கைகொடுக்காது. காயம்பட்ட கனியையும் அது காப்பாற்றாது. காம்பைக் கத்தரித்துப் பறிப்பதும், 5 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைப்பதுமே அடிப்படை.

இங்கே ஒரு தடை குறுக்கிடுகிறது. விதர்பாவில் உழவர் பலர் காய் மரத்தில் இருக்கும்போதே தோட்டத்தை வியாபாரிக்கு விற்றுவிடுகின்றனர். பூச்சினால் மிஞ்சும் ஐந்து கிலோ, கனியை வைத்திருப்பவருக்கே உரியது, விளைவித்தவருக்கு அன்று. ஆகவே, ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட நன்மை தோட்டக்காரரைச் சென்றடைய வேண்டுமாயின், அவர் அறுவடை வரை கனியைத் தம் கையில் வைத்திருக்க முன்பணம் வேண்டும். வெறும் செயல்முறை விளக்கக் கூட்டங்களால் இது நிறைவேறாது என்பது என் கருத்து.

உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் கழுவி, பூசி, தரம்பிரிக்கும் பொறியை நிறுவி, கிலோவுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்று இயக்கலாம். பஞ்சாபின் அபோகர் வட்டாரத்தில் கின்னோ கனிக்கு இத்தகைய நிலையங்கள் உள்ளன. அங்கு அறுவடை குளிர்காலத்தில் ஒருமுறையே. விதர்பாவில் இரு பருவமாதலால் பொறி சும்மா கிடக்கும் மாதங்கள் குறைவு. கிலோவுக்கான கூலியையும் அதற்கேற்பக் குறைவாக வைக்க இயலும்.