வாசல் கழுவும் இயந்திரத்துக்கு எந்த முனை வாங்குவது?



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கடை வாசலிலும் வீட்டு மாடியிலும் பாசி பிடிப்பது வழக்கம். விருத்தாசலத்தில் செம்மண் கறையும் சேர்ந்து கொள்ளும். போன மழைக்காலத்தில் எங்கள் மண்டிப் படியில், பல்லாண்டுகளாக எங்களிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்டார். தம் கவனக்குறைவே என்றார் அவர். ஆனால் படி எங்களுடையது, பாசியும் எங்களுடையது.

அதன்பின் அழுத்த நீர் இயந்திரம் ஒன்று வாங்கினோம். உடன் வந்த முனைகளில் சிவப்பை மாட்டி அடித்தோம். பாசி போயிற்று, சிமெண்டுப் படியில் கோடு கோடாகப் பள்ளமும் விழுந்தது. கொத்தனாருக்குக் கூலி கொடுத்த பிறகு நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறோம்.

1. நிறம்: சிவப்பு முனையில் நீர் 0 பாகையில் ஊசி போல் பாயும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 பாகை. கறுப்பு, சோப்பு நீருக்கு. பாகை கூடக் கூட நீர் விசிறியாக விரிந்து வேகம் தணியும். சிமெண்டுத் தரைக்குப் பச்சை, வர்ணச் சுவருக்கும் ஷட்டருக்கும் பளபளப்பு ஓட்டுக்கும் வெள்ளை என்று வைத்துக் கொள்ளலாம். சிவப்பு நமக்குத் தேவையில்லை. சுண்ணாம்புச் சாந்தில் தட்டோடு பதித்த பழைய மெட்ராஸ் டெரஸ் மாடிக்கு இயந்திரமே வேண்டாம். சாந்து பெயர்ந்தால் மழை நீர் உள்ளே இறங்கும். துடைப்பமே போதும்.

2. எண்: முனையில் 25025 என்று பொறித்திருந்தால், முதல் இரண்டு இலக்கம் பாகை, மீதி துளையின் அளவு, அதாவது 2.5. நிமிடத்துக்கு 6 லிட்டர், 110 பார் அழுத்தம் தரும் வீட்டு இயந்திரத்துக்கு இந்த அளவு பொருந்தும். துளை பெரிதானால் அழுத்தம் இறங்கிவிடும். சிறிதானால் பம்புக்குச் சுமை. மலிவாகக் கிடைக்கிறதென்று எண் பாராமல் வாங்குவது வீண் செலவு. சிலர் பி.எஸ்.ஐ. கணக்குச் சொல்வார்கள், 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

3. மரை: பல இயந்திரங்களில் 22 மி.மீ. மரை உண்டு. ஆனால் அதன் உள்ளே செல்லும் குழல் சிலவற்றில் 14 மி.மீ., சிலவற்றில் 15 மி.மீ. மரை ஏறிவிடும், நீர் கசியும். ஆகவே பழைய உறுப்பைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

4. கூடுதல் உறுப்புகள்: வட்டத் தட்டின் கீழ் இரண்டு முனைகள் சுழலும் தரை கழுவி, பெரிய வாசலுக்கும் மாடிக்கும் நல்லது, நீர் மேலே தெறிக்காது, கோடும் விழாது. சிறு இயந்திரத்துக்கு 10 முதல் 12 அங்குலத் தட்டு போதும். சுழல் முனை முரட்டுக் கறைக்கு மட்டும். நீர் உரசும் இடத்தில் அதற்குள் பீங்கான் வைத்திருப்பதுண்டு. பீங்கான் எளிதில் தேயாது, கீழே போட்டால் உடையும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர் தண்ணீரில் மணல் வருமானால் நுழைவாயிலில் வடிகட்டி அவசியம்.

5. எச்சரிக்கை: நீர்ப் பாய்ச்சல் தோலைத் துளைத்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் இயக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகத் தெளித்தால் குளோரின் விஷவாயு எழும். இரண்டையும் விற்பவர்கள் நாம்தான். வாங்குபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

முதலில் பச்சை, வெள்ளை முனைகள் இரண்டும் போதும். தரை கழுவியைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒரே மாதிரி இயந்திரம் வைத்திருக்கும் நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, கிழமை முறை வைத்துக் கொள்ளலாம். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்திருக்கிறோம். கை முறிந்த அன்பர் இப்போதும் எங்களிடமே சரக்கெடுக்கிறார். அவர் வரும் வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் படியைக் கழுவிவிடுகிறோம்.