படம் இல்லாத வினா

‘படத்தில் காட்டியுள்ளபடி’ என்று வினா தொடங்குகிறது. கீழே தேடினால் படத்தைக் காணோம். கரும்பலகையிலிருந்து எழுதிக்கொண்ட நண்பன் சொற்களை மட்டும் எழுதிப் படத்தை விட்டிருப்பான். அல்லது நகலெடுத்த தாளில் அந்தப் பகுதி விழாமற் போயிருக்கும். வினாவையே விட்டுவிடலாமா? மனத்தில் முதலில் தோன்றிய படத்தைப் போட்டு விடை எழுதிவிடலாமா? இரண்டும் சரியன்று.

படத்தில் எத்தனை பங்கு வினாவின் சொற்களிலேயே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ‘கசடத ஒரு சதுரம்’ என்ற சிறு தொடரை எடுத்துக்கொள்வோம். உச்சிகளைச் சுற்றிவரும் வரிசையிலேயே எழுத்துகளை எழுதுவது கணித வழக்கம். ஆகவே கச, சட, டத, தக ஆகியன பக்கங்கள். கட, சத ஆகியன மூலைவிட்டங்கள். யாரும் வரைந்து காட்டாமலே படம் கிடைத்துவிட்டது.

இச்சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 10 ஓம் மின்தடை ஒன்றும், கட என்னும் மூலைவிட்டத்தில் 10 ஓம் மின்தடை ஒன்றும் இணைக்கப்பட்டுள்ளன. தொகுபயன் மின்தடை யாது? மின்தடைகள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. மின்கலத்தை எந்த இரு முனைகளில் இணைப்பது என்பதுதான் தொலைந்த படத்தோடு போய்விட்டது. அது சிறு குறையா, பெருங்குறையா என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

க, ட முனைகளில் இணைத்தால் 20, 20, 10 ஓம் ஆகிய மூன்று பாதைகள் பக்க இணைப்பில் அமைகின்றன. விடை 5 ஓம். ச, த முனைகளில் இணைத்தால், இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் க, ட இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். மூலைவிட்டத்தில் மின்னோட்டமே இராது. இது சமநிலையிலுள்ள வீட்ஸ்டன் சுற்றே ஆகும். எஞ்சுவன இரண்டு 20 ஓம் பாதைகள். விடை 10 ஓம். க, ச முனைகளில் இணைத்தாலோ, த வழியாகச் செல்லும் 20 ஓமும் மூலைவிட்டத்தின் 10 ஓமும் சேர்ந்து 20/3 ஓம். அதனோடு சட பக்கத்தின் 10 ஓம் தொடரில் சேர்ந்து 50/3 ஓம். அது கச பக்கத்தின் 10 ஓமுக்குப் பக்க இணைப்பு. விடை 6.25 ஓம்.

ஒரே சுற்றுக்கு மூன்று விடைகள்! புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘5 ஓம்’ என்று இருந்தால் முனைகள் க, ட என்று ஊகிக்கலாம். ஆனால் வினா மின்தடைகளின் அமைப்பையும் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த ஊகம் பயன்படாது. இரண்டு 10 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தாலும் 5 ஓம்தானே வரும்?

வடிவியலில் இந்தத் தொல்லை இன்னும் நுட்பமானது. ஒரு முக்கோணத்தில் ஒரு கோணம் 30°, அதை அடுத்த பக்கம் 10 செ.மீ., எதிர்ப்பக்கம் 6 செ.மீ. எனில் மூன்றாம் பக்கம் என்ன? கவராயத்தை 6 செ.மீ. விரித்து வில் போட்டுப் பாருங்கள்; அது கோணத்தின் மறுகதிரை இரண்டு இடங்களில் வெட்டும். மூன்றாம் பக்கம் ஏறத்தாழ 11.98 செ.மீ. அல்லது 5.34 செ.மீ. எதிர்ப்பக்கம் 12 செ.மீ. ஆனால் ஒரே முக்கோணம், 4 செ.மீ. ஆனால் முக்கோணமே இல்லை. கையால் ஒரு படம் மட்டும் போட்டு நிறுத்தியவன் இரண்டாவது முக்கோணத்தைக் காணவே மாட்டான்.

சாய்தளக் கணக்கில் ‘30°’ என்பது கிடைத்தளத்தோடு எனில் 10 நியூட்டன் எடையின் தளவழிக் கூறு 5 நியூட்டன். செங்குத்தோடு எனில் 8.66 நியூட்டன்.

லக்ராஞ்சு என்னும் கணித அறிஞர் 1788இல் பாரிசில் வெளியிட்ட இயக்கவியல் நூலின் முன்னுரையிலேயே இதில் படங்கள் கிடையா என்று அறிவித்துவிட்டார். படம் சொல்ல வேண்டியதையெல்லாம் சமன்பாடுகளிலேயே சொன்னதால் அது அவருக்கு இயன்றது. நம் வினாத்தாள்களோ பாதியைச் சொல்லில் வைத்து, மீதியைப் படத்திடம் விட்டுவிடுகின்றன.

தேர்வுக்கூடத்தில் இப்படி நேர்ந்தால் முதலில் கண்காணிப்பாளரிடம் தெரிவியுங்கள். திருத்தம் வராவிட்டால் விடைத்தாளில் உங்கள் படத்தைப் பெரிதாக வரைந்து, ‘மின்கலம் க, ட முனைகளில் இணைக்கப்பட்டதாகக் கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். திருத்துபவர் மனத்தில் வேறு படம் இருந்தாலும், உங்கள் விடை எதற்குரியது என்பது அவருக்கு விளங்கும். நேரம் இருந்தால் மற்ற நிலைக்கும் விடை எழுதலாம். ஆனால் எந்த விடை எந்தப் படத்துக்கு என்று குறிப்பிடாமல் இரண்டு எண்களை அடுக்கி வைப்பது வீண்.

பயிற்சிக்கு ஒன்று: கசட ஒரு சமபக்க முக்கோணம். அதன் கச பக்கத்தின் மீது கசதப என்னும் சதுரம் வரையப்பட்டுள்ளது. கபட கோணம் எவ்வளவு? படம் தரப்படவில்லை. (விடை: சதுரம் முக்கோணத்துக்கு வெளிப்புறம் அமைந்தால் 15°, முக்கோணம் இருக்கும் பக்கமே அமைந்தால் 75°.)