அரிவாளுக்கு முன்னால் ஒரு மனு

டிப்ளமோ முடித்து சைட்டுக்குப் போனதும், நம் வாய்க்கால் கோட்டுக்குக் குறுக்கே ஒரு வேம்பு நிற்கும். "வேரைத்தானே வெட்டுறோம், ஒண்ணும் ஆகாது" என்பார் மேஸ்திரி. பக்கவேர் போன மரம் அடுத்த காற்றுக்கே சாயலாம். கீழே ஆள் நிற்கக்கூடும்.

முதலில் மரம் யார் இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நம் விளாங்குடி 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. தெரு மரமென்றால் மாநகராட்சிக்கு மனு. நெடுஞ்சாலை ஓரமென்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு. பொது இடத்து மரத்தை அடியோடு வெட்ட, கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு அனுமதிக்க வேண்டும். இந்தக் குழுக்களை அரசு அமைத்தது 2021-இல்.

மனுவோடு மரத்தின் வகை, சுற்றளவு, போட்டோ, இடவரைபடம், காரணம் எல்லாம் வையுங்கள். கொப்பு கழித்தால் போதுமென்றால் அதை மட்டும் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், கோட்டைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று வரைந்து பாருங்கள். கோட்டை அழிக்க ரப்பர் இருக்கு. வெட்டின மரத்தை ஒட்ட ஒண்ணும் இல்லை!