வண்டி எப்போது முரண்டு பிடிக்கிறது?

அன்புள்ள தம்பி,

1978-ஆம் ஆண்டு செவ்ரோலே சி-10 பிக்கப் ஒன்று உன் கைக்கு வந்ததும், காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் அது கிளம்புகிறது என்பதும், பக்கத்து வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் "கார்புரேட்டர் போச்சு, மாற்றிவிடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதும் உன் கடிதத்திலிருந்து தெரிந்தது. கொஞ்சம் பொறு. அந்தத் தீர்ப்பை நம்பிப் புதுக் கார்புரேட்டர் வாங்கி மாட்டியும் அதே கோளாறோடு ஓடும் பழைய வண்டிகள் அமெரிக்காவில் ஏராளம்.

நம் ஊரில் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் டீசல். டீசல் எஞ்சினுக்குக் கார்புரேட்டரே கிடையாது. நம்மவர்களுக்கு அது அம்பாசடரிலும் பைக்கிலும் பழகிய பொருள். அமெரிக்கப் பிக்கப்புகளோ பெட்ரோலில் ஓடியவை. அங்கே 1994-இன் இசுசு பிக்கப் வரை கார்புரேட்டர் தாக்குப்பிடித்தது. உன் வண்டியின் 350 கன அங்குல வி-8 எஞ்சின்மேல் உட்கார்ந்திருப்பது குவாட்ராஜெட் என்ற கார்புரேட்டர். ஜெனரல் மோட்டார்ஸின் ரோசெஸ்டர் பிரிவு 1965-இல் அதைக் கொண்டுவந்தது. முன்பக்கம் இரண்டு சிறு துளைகள், பின்பக்கம் இரண்டு பெருந்துளைகள். சாதாரண ஓட்டத்துக்குச் சிறியவை போதும். ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால்தான் பெரியவை திறக்கும்.

எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கார்புரேட்டர் சுற்றிச்சுற்றி வர வேண்டிய விகிதம். குளிரில் கிளம்பவும் பாரம் இழுக்கவும் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். ஒரே வழியில் இத்தனையும் நடக்காது என்பதால் உள்ளே தனித்தனிப் பாதைகள் உண்டு: ஐடிலிங்குக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று, திடீர் மிதிக்கு ஒரு குட்டிப் பம்ப், குளிருக்குச் சோக். காய்ச்சல் காலையிலா மாலையிலா என்று வைத்தியர் கேட்பதுபோல, வண்டி எப்போது முரண்டு பிடிக்கிறது என்று கேட்டாலே பழுதான பாதை பாதி தெரிந்துவிடும்.

அதற்கு முன் கார்புரேட்டரைத் தொடாமல் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கரண்ட். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளை வெளேரென்று இருந்தால் குறைவு. ஒன்று மட்டும் தனி நிறத்தில் இருந்தால் பழி பெரும்பாலும் கார்புரேட்டரைச் சேராது. டைமிங்கைச் சரிபார். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருந்தாலும் மிதித்தவுடன் எஞ்சின் தடுமாறும். கார்புரேட்டர் கோளாறு போலவே தோன்றி ஆளை ஏமாற்றும்.

இரண்டாவது, எங்காவது ஏர் எடுக்கிறதா என்பது. வேக்குவம் கேஜ் ஒன்று வாங்கி மாட்டு; இந்த வேலைக்கு இதைவிட உபயோகமான கருவி இல்லை. கடல்மட்டத்தில், ஐடிலிங்கில், முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ஆகவே 5,280 அடி உயரத்திலுள்ள டென்வரில் 14 காட்டும் எஞ்சினை நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. முள் தாழ்ந்திருந்தால் ரப்பர் குழாய்கள், பிரேக் பூஸ்டர் குழாய், கார்புரேட்டரின் அடி கேஸ்கெட், தேய்ந்துபோன த்ராட்டில் ஷாஃப்ட் ஆகியவற்றைச் சந்தேகி. கார்புரேட்டர் கிளீனரைச் சிறு பீய்ச்சலாக அங்கங்கே அடித்து, எஞ்சின் சத்தம் எங்கே மாறுகிறது என்று கேட்பது மெக்கானிக்குகளின் வழக்கம். ஆனால் அந்தக் கிளீனர் தீப்பிடிக்கும். எக்ஸாஸ்ட் சூடேறும் முன்பே செய். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இனி உன் காலைப் பிரச்சினை. சாவியைத் திருப்புமுன் ஆக்சிலரேட்டரை ஒருமுறை தரைவரை மிதித்து விடுகிறாயா? இன்ஜெக்ஷன் வண்டிகளில் பழகியவர்களுக்கு இது தெரிவதில்லை. அந்த ஒரு மிதியில்தான் ஆட்டோமேட்டிக் சோக்கின் தகடு மூடிக்கொள்ளும், ஐடிலிங்கும் கூடும். மிதிக்காமல் எத்தனை செல்ஃப் அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல் போகாது.

மிதித்தும் கிளம்பவில்லையா? மறுநாள் காலை, சாவியைத் தொடாமல், ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபடி த்ராட்டில் கம்பியைக் கையால் திற. முன்துளைகள் இரண்டிலும் மெல்லிய பெட்ரோல் தாரை பாய வேண்டும். பாயாவிட்டால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் தொட்டி வறண்டிருக்கலாம், அல்லது பம்ப் போயிருக்கலாம். தொட்டியின் காற்றுத்துளை வழியே கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிவிட்டு மீண்டும் பார். இப்போது பாய்ந்தால் பம்ப் நலம், தொட்டிதான் வற்றியிருந்தது. நாலைந்து நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் போவது இயல்பு. ஒரே இரவில் வற்றினால் குவாட்ராஜெட்டின் பேர்பெற்ற நோயை நினைத்துக்கொள்: தொட்டியின் அடியில் துளைகளை மூடும் உலோக அடைப்புகள் கசிந்து, பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். ஆயில் குச்சியை முகர்ந்து பார்; பெட்ரோல் வாடை சாட்சி சொல்லும். கார்புரேட்டரைக் கழற்றும்போது அந்த அடைப்புகளை எப்பாக்ஸியால் மூடிவிடுவது பலரும் செய்யும் வைத்தியம்.

மாறாக, பெட்ரோல் வழிந்து கரும்புகை வந்தால், தொட்டிக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வில் தூசியோ, கனத்துப்போன ஃப்ளோட்டோ காரணம். குவாட்ராஜெட்டின் பிளாஸ்டிக் ஃப்ளோட் ஆண்டுக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. எடைபோட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மிதித்தவுடன் ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகு பாய்கிறதா? பம்ப்பின் ரப்பரைப் பார்; எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் கெடும். முழு மிதியில் மட்டும் திணறினால், பின்துளைகளின் காற்றுத்தகடு சட்டென்று திறந்துவிடாமல் பிடித்து நிறுத்தும் வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஐடிலிங் மட்டும் மோசமென்றால் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகு. எஞ்சின் அதைச் சட்டை செய்யாமல் ஓடினால், பெட்ரோல் வேறு வழியாக வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நெடுஞ்சாலை மேட்டில் கொஞ்ச தூரம் இழுத்தபின் சக்தி வற்றினால், பழுது கார்புரேட்டருக்கு முன்னாலேயே இருக்கலாம். குவாட்ராஜெட்டின் பெட்ரோல் நுழைவாயிலிலேயே ஒரு சிறு ஃபில்டர் ஒளிந்திருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்ப முடியவில்லையென்றால், வெப்பத்தில் கொதித்த பெட்ரோல் உள்ளே சொட்டியிருக்கும். மிதித்து மிதித்து விடாதே. முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடி.

எந்த நிலையிலும் உதவும் ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது சோக் தகட்டைக் கையால் பாதி மூடு. ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் திணறினால் அதிகம். முகத்தை மட்டும் துளைக்கு நேரே வைக்காதே; எஞ்சின் எதிர்வெடி வெடித்தால் நெருப்பு மேலே வரும்.

இத்தனைக்கும் பிறகு கார்புரேட்டர்தான் என்று உறுதியானால், கழற்றுமுன் ஒவ்வொரு குழாயையும் கம்பியையும் போட்டோ எடுத்துக்கொள். கார்புரேட்டரின் டிரைவர் பக்கத்தில் பொறித்த எண் இருக்கும்; 1976-க்குப் பிந்தியவற்றில் அது 170 என்று தொடங்கும். ரிப்பேர் கிட் வாங்கும்போது அந்த எண்ணைச் சொல். "350 எஞ்சின்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுவார். கேஸ்கெட்டின் துளைகள் பொருந்தவில்லை என்பது எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகுதான் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்