கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை

தொழிலுக்குப் போவதை நிறுத்திய பிறகும் மன்னார் பள்ளிமுனையின் வயதான மீனவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டு வலை பொத்துவார்கள். வீதியால் போகிறவரிடம் இன்றைக்கு என்ன மீன் பட்டது என்று விசாரிப்பார்கள். முழங்கால் மடங்காமல் போய், பிள்ளைகளும் வெளிநாட்டில் என்றான பிறகுதான் முதியோர் இல்லம் என்ற பேச்சே எழும்.

மன்னாரிலிருந்து பூநகரி வழியே போகும் ஏ-32 வீதி நாவற்குழியில் முடிகிறது. பக்கத்து ஊரான கைதடியில் வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. தனியார் இல்லம் என்றால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆனால் பதிவுச் சான்றிதழ் வழுக்கும் தரையைக் காட்டாது. வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது தெரியும்.

பார்க்கப் போகும் இல்லத்தில், கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை இரவில் நடப்பதுபோல் ஒருமுறை நடந்து பாருங்கள். படுத்தபடியே கையெட்டும் தூரத்தில் சுவிட்ச் உண்டா? வாசற்படி காலைத் தடுக்கிறதா? கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துவிடும். சுவரில் உள்ள கைபிடியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். உப்புக்காற்று இரும்பை விடாது. மேலே பெயின்ற் பளபளத்தாலும் ஆணி இறங்கிய இடம் உள்ளே உக்கியிருக்கும். சோளகம் வீசும் மாதங்களில் மினுக்கிய டைல்ஸில் படியும் மணலும் காலை வாரிவிடும். சக்கர நாற்காலிச் சாய்வுப்பாதை ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது இருக்க வேண்டும்.

அடுத்தது ஜன்னல். அமெரிக்காவில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்த றோஜர் உல்ரிச், மரங்கள் தெரியும் அறையில் இருந்தவர்கள், செங்கற்சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதாகவும், கடுமையான வலிநிவாரணிகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டதாகவும் 1984இல் எழுதினார். காலமெல்லாம் கடலைப் பார்த்தவருக்கு ஆள்நடமாட்டம் தெரியும் ஓரிடத்தில் ஒரு கதிரையாவது வேண்டும்.

இல்லம் பார்க்கக் காலைக் குளிர்ச்சியில் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய், கூரைச் சூடு இறங்கும் அந்த அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். கட்டில் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடலாம்.